உதவி இருக்கிறது, ஆனால் கண்ணில் படவில்லை

என் சித்தியின் போன் ஒருநாள் தானாகப் பேச ஆரம்பித்தது. எதைத் தொட்டாலும் அதன் பெயரைச் சத்தமாகப் படித்தது, ஆனால் திறக்கவில்லை. தொட்ட இடத்தைச் சுற்றி ஒரு கட்டம் மட்டும் வந்து நின்றது. விரலால் தள்ளினால் திரை நகரவில்லை. அணைத்துப் போட்டுப் பார்த்தார், அப்படியேதான் இருந்தது. வைரஸ் புகுந்துவிட்டது என்று பயந்துபோய் போனை அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, சித்தப்பாவின் போனிலிருந்து என்னைக் கூப்பிட்டார்.

நடந்தது இதுதான். பார்வையில்லாதவர்களுக்காக ஸ்க்ரீன் ரீடர் என்றொரு வசதி போனில் உண்டு. திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும். ஒலியைக் கூட்டும், குறைக்கும் பொத்தான்கள் இரண்டையும் சேர்த்துச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் பல போன்களில் அது ஓட ஆரம்பிக்கும். பையில் கிடக்கும்போது அப்படி அழுந்தியிருக்க வேண்டும். அது ஓடும்போது ஒருமுறை தொட்டால் படிக்கும், இரண்டு முறை தட்டினால்தான் திறக்கும், இரண்டு விரலால் தள்ளினால்தான் திரை நகரும். அதே பொத்தான்களை மறுபடி அழுத்திப் பிடித்தால் அடங்கிவிடும். அவ்வளவுதான்.

இதற்கான உதவிப் பக்கங்கள் இணையத்தில் நிறைய இருக்கின்றன. படிப்படியாக, நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். சித்தியும் தேடாமல் இல்லை. சித்தப்பாவின் போனில் 'போன் தானா பேசுது தொட்டா ஓபன் ஆகல' என்று அடித்துத் தேடியிருக்கிறார். பக்கங்களின் தலைப்போ 'ஸ்க்ரீன் ரீடரை இயக்குதல், நிறுத்துதல்' என்ற பாணியில் இருக்கிறது. அந்தப் பெயர் தெரிந்தவர் அதை நிறுத்த வழி தேடி இவ்வளவு அலைய மாட்டார். அலைகிறவருக்கு அந்தப் பெயர் தெரியாது.

இந்தக் கட்டுரை அந்த இடைவெளியைப் பற்றியது. ஒரு செயலியோ இணையதளமோ சேவையோ நடத்துகிறவர்கள், அங்கே உதவிக் குறிப்புகள் எழுதுகிறவர்கள், கேள்விகளுக்குப் பதில் சொல்கிறவர்கள் எல்லோரும் உதவியை எழுதி முடித்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். மாட்டிக்கொண்டு நிற்பவரின் கண்ணில் அது படுகிறதா என்பது தனி வேலை. அதில் சொல்லும் முக்கியம், இடமும் முக்கியம். முதலில் சொல்லைப் பார்ப்போம்.

ஒரே பொருள், வேறு வேறு பெயர்

1987-இல் ஃபர்னஸ், லாண்டவர், கோமெஸ், டூமாய்ஸ் என்ற நான்கு ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கணினியில் ஒரு விஷயத்துக்குப் பெயர் வைப்பவரும் அதைத் தேடுபவரும் ஒரே சொல்லைப் பயன்படுத்துகிறார்களா என்பது அவர்களின் கேள்வி. எழுத்தைத் திருத்தும் செயல்களுக்கு என்ன பெயர் சொல்வார்கள், சமையல் குறிப்புக்கு என்ன குறிச்சொல் போடுவார்கள், விற்பனை விளம்பரங்களை எந்த வகையில் சேர்ப்பார்கள் என்று பலவிதமாகச் சோதித்தார்கள். எல்லாச் சோதனையிலும் இரண்டு பேர் தாமாகவே ஒரே சொல்லைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு 20 சதவீதத்துக்கும் குறைவாகவே இருந்தது.

இதை நம் வேலையோடு பொருத்திப் பாருங்கள். உதவிப் பக்கத்துக்கு நீங்கள் யோசித்து வைத்த அருமையான ஒற்றைப் பெயர், ஐந்தில் நான்கு பேரின் வாயில் வராமலே போகலாம். உங்கள் சொல் தேர்வில் பிழை எதுவும் இல்லை. மனிதர்கள் பேசும் விதமே அப்படி. அந்த ஆய்வாளர்கள் சொன்ன தீர்வும் எளிமையானதுதான்: சரியான ஒரே பெயரைத் தேடி மெனக்கெடாதீர்கள், ஒரு பொருளுக்கு எத்தனை பெயர் புழங்குகிறதோ அத்தனையையும் அதோடு சேர்த்துக் கட்டுங்கள். ஏறக்குறைய 40 ஆண்டுகள் ஆகியும் நம் உதவிப் பக்கங்களில் பெரும்பாலானவை ஒரே பெயரோடுதான் இருக்கின்றன.

பெயர் வேறுபாட்டிலும் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. எழுதுகிறவர் கருவியின் பெயரைச் சொல்கிறார், தேடுகிறவர் தனக்கு நேர்ந்ததைச் சொல்கிறார். மருத்துவரிடம் போகிறவர் நோயின் பெயரையா சொல்கிறார்? தலை சுற்றுகிறது, நடந்தால் மூச்சு வாங்குகிறது என்றுதான் சொல்வார். நோயின் பெயரைக் கண்டுபிடிப்பது மருத்துவரின் பொறுப்பு. உதவிப் பக்கத்தில் அந்தப் பொறுப்பை நோயாளியின் தலையில் கட்டிவிடுகிறோம்.

சித்திக்குக் கிடைத்திருக்க வேண்டிய பக்கத்தின் தலைப்பு இப்படி இருந்திருக்கலாம்: 'போன் தானாகப் பேசுகிறதா? தொட்டால் திறக்கவில்லையா?' அடுத்து முதல் வரியில், 'உங்கள் போனில் ஸ்க்ரீன் ரீடர் என்ற வசதி தெரியாமல் இயங்கியிருக்கலாம். வைரஸ் இல்லை, பயப்பட வேண்டாம்.' அதன் பிறகு நிறுத்தும் வழி. அறிகுறி தலைப்பில் வந்துவிட்டது, சரியான பெயர் முதல் வரியில் வந்துவிட்டது. அடுத்த முறை அவரே அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்பார். பயப்பட வேண்டாம் என்று சொன்னதைத் தேவையற்ற ஆறுதல் என்று நினைத்து வெட்டிவிடாதீர்கள். 'போன்ல வைரஸா' என்று தேடி வருபவருக்கும் இதே பக்கம் கிடைக்க அந்த வரி உதவும்.

பிழைச் செய்திகளுக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும். திரையில் ஒரு பிழை வந்தால் அதை அப்படியே அடித்தோ நகலெடுத்தோ தேடுவதுதான் பலரின் வழக்கம். ஆகவே அந்த வாசகம் ஒரு எழுத்துக்கூட மாறாமல், பிழை எண்ணோடு சேர்த்து, உதவிப் பக்கத்தில் எழுத்தாகவே இருக்க வேண்டும். பலர் அங்கே திரையைப் படம் பிடித்து ஒட்டிவிடுகிறார்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தைப் பெரும்பாலான தேடல் பெட்டிகள் படிப்பதில்லை. ஸ்க்ரீன் ரீடரை நம்பி இருப்பவருக்கும் அந்தப் படம் பல நேரம் வெறும் மௌனம்தான். படம் இருக்கட்டும், அதன் கீழேயே அந்த வாசகத்தையும் அடித்து வையுங்கள்.

தமிழில் எழுதுகிறவர்களுக்குக் கூடுதல் வேலை ஒன்று உண்டு. பாஸ்வேர்ட், பாஸ்வேர்டு, பாஸ்வர்ட், கடவுச்சொல், கடவுச் சொல் என்று ஒரே பொருளை ஐந்து விதமாக எழுதுகிறோம். ஆங்கில எழுத்திலேயே தமிழை அடித்துத் தேடுபவர்களும் ஏராளம். அப்புறம் நம் இலக்கணம். எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்கும் எளிய தேடல் பெட்டியில் 'பணம்' என்று தேடினால் 'பணத்தை', 'பணத்தின்' என்று எழுதிய பக்கம் வராது. 'பணம்' என்ற எழுத்துக்கோவை 'பணத்தை' என்ற சொல்லுக்குள் இல்லையே! பெரிய தேடுபொறிகள் இதில் ஓரளவு தேறிவிட்டன. ஒரு சிறிய தளத்துக்குள் இருக்கும் தேடல் பெட்டியிடம் அதை எதிர்பார்க்க முடியாது. அதனால் தலைப்பிலோ முதல் பத்தியிலோ ஒரு முறையாவது வேற்றுமை உருபு ஏறாத வெறும் சொல்லாக அது வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். 'பணம் கழிந்துவிட்டது, ஆனால் போய்ச் சேரவில்லை' என்ற தலைப்பு 'செலுத்திய பணத்தைத் திரும்பப் பெறுதல்' என்பதைவிடத் தேடலுக்கும் நல்லது, படிப்பவருக்கும் நல்லது.

கண்ணுக்குத் தெரியாத சிக்கல் ஒன்றும் உண்டு. 'ஔ' என்ற எழுத்தை அதற்குரிய ஒற்றைக் குறியீட்டில் அடிக்கலாம். ஒகரத்தையும் ளகரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் அடித்து 'ஒள' என்றும் ஒப்பேற்றலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள்.

ஒரே கேள்வியைப் பலர் பலவிதமாகக் கேட்பது தொல்லையாகத் தெரியலாம். அதை வரமாக மாற்றிக்கொண்டவர்களும் உண்டு. நிரல் எழுதுபவர்கள் கேள்வி கேட்கும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2008-இல் தொடங்கியது. அங்கே முன்பே கேட்ட கேள்வியை ஒருவர் வேறு சொற்களில் கேட்டால், 'இது ஏற்கெனவே கேட்கப்பட்டது' என்று மூடுவார்கள். ஆனால் அந்தக் கேள்வியை அழித்தே ஆக வேண்டும் என்பதில்லை. பழைய பதிலுக்கு ஓர் இணைப்பைப் போட்டு அப்படியே விட்டுவைக்கலாம். அடுத்து அதே சொற்களில் தேடி வருபவர் அந்தக் கேள்வி வழியாகவே பதிலைப் போய்ச் சேருவார். ஒரு ஊருக்குப் பத்துச் சாலையிலிருந்தும் கைகாட்டி வைப்பது மாதிரி. உங்களிடம் வரும் கேள்விகளில் 'இதையேதான் போன வாரமும் கேட்டார்கள்' என்று எரிச்சல் வரும்போது, அவர் எந்தச் சொல்லில் கேட்டார் என்பதை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காசு கொடுத்தாலும் கிடைக்காத தகவல் அது.

மாட்டிக்கொண்ட இடத்திலேயே

இனி இடம். அதே 1987-இல் ஜான் கேரல், மேரி பெத் ரோசன் என்ற இருவர் கணினி பயன்படுத்துபவர்களைப் பற்றி எழுதியது இன்றும் மாறவில்லை. யாரும் கையேட்டைப் படித்துவிட்டு வேலையைத் தொடங்குவதில்லை. முன்கூட்டிப் படித்தால் பிற்பாடு நேரம் மிச்சமாகும் என்று தெரிந்தாலும் படிப்பதில்லை. கையில் இருக்கும் வேலைதான் முக்கியம், மாட்டிக்கொண்டால் பார்த்துக்கொள்ளலாம் என்றே இறங்குகிறார்கள். இது சோம்பல் இல்லை. வேலை முடிய வேண்டும் என்ற அவசரத்தில் இருப்பவரின் இயல்பு.

ஆகவே உதவி, மாட்டிக்கொள்ளும் இடத்துக்கே போய் நிற்க வேண்டும். இணையம் பரவுவதற்கு முன்பே இதைப் புரிந்துகொண்டவர்கள் இருந்தார்கள். 1980-களில் யூஸ்நெட் என்ற கணினி உரையாடல் குழுக்கள் போன்ற இடங்களில் புதிதாக வருபவர்கள் கேட்டதையே கேட்பார்கள். பழைய பதில்கள் சில நாட்களில் சர்வரிலிருந்து அழிந்துவிடும். அதனால் அடிக்கடி வரும் கேள்விகளையும் பதில்களையும் ஒரே பட்டியலாகத் தொகுத்து, குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்பப் பதிந்தார்கள். புதியவர் எந்த மாதம் நுழைந்தாலும் அது அவர் எதிரே வந்து நிற்கும். இன்று பல தளங்களில் 'அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்' என்று ஒரு பக்கம் இருக்கிறது, ஆனால் அதற்கான இணைப்பு பெரும்பாலும் திரையின் அடியில் பொடி எழுத்தில் கிடக்கிறது. பெயரை எடுத்துக்கொண்டோம், எதிரே வந்து நிற்கும் குணத்தை விட்டுவிட்டோம்.

இதில் என்னை மிகவும் வருத்துவது உள்நுழைவுப் பக்கம்தான். ஒரு சேவையில் என் கணக்குப் பூட்டிக்கொண்டது. உதவி என்ற பொத்தானைத் தொட்டேன். உதவியைப் பார்க்க உள்நுழையுங்கள் என்றது. உள்ளே நுழைய முடியவில்லை என்பதுதானே என் பிரச்சினை! பொத்தானும் பக்கமும் பதிலும் எல்லாம் இருந்தன, எனக்குத் தேவைப்பட்ட அந்த ஒரு கணத்தில் மட்டும் கதவு சாத்தியிருந்தது. உங்கள் உதவிப் பக்கங்களை ஒரு முறை கணக்கிலிருந்து வெளியேறிய நிலையில், வேறொரு போனில் திறந்து பாருங்கள். குறைந்தபட்சம் உள்நுழைவு, கடவுச்சொல், ஓடிபி வராமை இந்த மூன்றுக்குமான பக்கங்களாவது பூட்டின்றி இருக்க வேண்டும்.

பிழைச் செய்தி தோன்றும் இடம்தான் உதவிக்கு மிகச் சிறந்த இடம் என்பேன். 'ஏதோ தவறு நேர்ந்தது, பிறகு முயலவும்' என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், அந்தப் பிழைக்கே உரிய பக்கத்துக்கு ஓர் இணைப்பு அங்கேயே இருந்தால் அவர் தேடவே வேண்டியதில்லை. சொல் பொருந்துமா என்ற முதல் பிரச்சினையும் அதோடு தீர்ந்துவிடும்.

மற்ற இடங்களில் உதவி எங்கே இருந்தாலும் சரி, எப்போதும் அங்கேயே இருக்க வேண்டும். கணினியில் எஃப்1 விசையை அழுத்தினால் உதவி வரும் என்பது பலருக்குக் கைப்பழக்கம். எந்த நிரலில் இருந்தாலும் விரல் தானாக அங்கே போகும். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2023 அக்டோபரில் வெளியிட்ட இணைய அணுகல் நெறிகளின் 2.2 பதிப்பில் இதற்கென்றே புதிதாக ஒரு விதி சேர்ந்தது. தொலைபேசி எண், உரையாடல் பெட்டி, கேள்வி பதில் பக்கம் என எந்த உதவி வழியாவது ஒரு தளத்தின் பல பக்கங்களில் திரும்பத் திரும்ப வந்தால், எல்லாப் பக்கங்களிலும் அது ஒரே வரிசையில் வர வேண்டும் என்கிறது. உதவி கொடுத்தே தீர வேண்டும் என்று அந்த விதி சொல்லவில்லை, கொடுத்தால் இடம் மாற்றாதே என்கிறது. மறதி உள்ளவர்கள், புதிய திரையைக் கண்டால் தடுமாறுபவர்கள் இவர்களை மனத்தில் வைத்து எழுதியது. ஆனால் பதற்றத்தில் இருக்கும்போது நாம் எல்லோருமே கொஞ்சம் அப்படித்தான்.

கண்ணில் படட்டும் என்று பளபளக்கும் பெட்டியில் உதவியைப் போடலாம் என்று தோன்றும். வேண்டாம். பக்கத்தில் பெரிதாக, வண்ணமாக, விளம்பரம் மாதிரி இருப்பதைக் கண் தானாகத் தாண்டிப்போகிறது என்று பென்வே, லேன் என்ற இரு ஆய்வாளர்கள் 1998-இலேயே காட்டினார்கள். தேடும் தகவல் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருந்தும் பலர் பார்க்கவில்லை.

வாசனை பிடித்துப் போகிறவர்கள்

ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் பீட்டர் பிரோலி, ஸ்டூவர்ட் கார்ட் இருவரும் 1990-களில் ஓர் அழகான பார்வையை முன்வைத்தார்கள். இரை தேடும் விலங்கு வாசனையைப் பிடித்துக்கொண்டு போகிறது. வாசனை கூடினால் அதே வழியில் தொடர்கிறது, குறைந்தால் வழியை மாற்றிக்கொள்கிறது. தகவல் தேடும் மனிதனும் அப்படித்தான் என்றார்கள். ஒவ்வொரு இணைப்பிலும் இருக்கும் சொற்களை மோப்பம் பிடிக்கிறோம். நாம் தேடுவது இந்தப் பக்கம்தான் என்று தோன்றினால் தட்டுகிறோம், இல்லையென்றால் திரும்பிவிடுகிறோம்.

இந்தப் பார்வையில் மெனுவில் இருக்கும் பெயர்களைப் பாருங்கள். 'அறிவு மையம்', 'வள அரங்கு', 'நம் சமூகம்', 'இணைந்திருங்கள்'. இவற்றில் உதவியின் வாசனை துளியும் இல்லை. சமூகம் என்று எழுதியிருப்பதைத் தொட்டால் அங்கே ஆயிரம் பேர் ஒருவருக்கொருவர் உதவிக்கொண்டிருப்பார்கள் என்று புதியவருக்கு எப்படித் தெரியும்? 'உதவி' என்றோ 'கேள்வி கேட்க' என்றோ வைத்தால் போதும். இங்கே புதுமையான பெயர் தேடுவது, படிக்கட்டுக்கு வேறு பெயர் எழுதி மாட்டுவதற்குச் சமம்.

தேடுபொறிக்கும் கதவு திறந்திருக்க வேண்டும்

நிறையப் பேர் உங்கள் தளத்தின் முகப்பு வழியாக வருவதே இல்லை. தேடுபொறியில் அடித்துவிட்டு நேராக உள்ளே ஒரு பக்கத்தில் வந்து குதிக்கிறார்கள். தேடுபொறி அனுப்பும் நிரல் ஒன்று இணைப்பு இணைப்பாகத் தாவி, பக்கங்களைப் படித்துக் குறித்துக்கொள்கிறது. அது எங்கே போகலாம், எங்கே போகக்கூடாது என்று சொல்லும் சிறிய கோப்பின் பெயர் ரோபோட்ஸ்.டிஎக்ஸ்டி. மார்ட்டின் கோஸ்டர் என்பவர் 1994-இல் முன்மொழிந்த வழக்கம் அது. 2022-இல்தான் முறையான இணையத் தரமாக எழுதப்பட்டது. இதைத் தவிர, பக்கத்துக்குள்ளேயே 'என்னைப் பட்டியலில் சேர்க்காதே' என்று சொல்லும் நோஇண்டெக்ஸ் என்ற குறியும் உண்டு. தளத்தைக் கட்டும் காலத்தில் அரைகுறைப் பக்கம் வெளியே தெரிய வேண்டாம் என்று அதைப் போடுவார்கள். தளம் திறந்த பிறகு எடுக்க மறந்துவிடுவார்கள். மாதக்கணக்கில் யாரும் வரவில்லையே என்று ஏங்கும் தளத்தில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பக்கங்களின் முழுப் பட்டியலைச் சைட்மேப் என்ற கோப்பாகக் கொடுப்பது அடுத்த வேலை. கூகுள் 2005-இல் கொண்டுவந்தது, அடுத்த ஆண்டே யாஹூவும் மைக்ரோசாஃப்டும் ஏற்றுக்கொண்டன.

தேடுபொறி எட்டவே முடியாத இடம் ஒன்று இருக்கிறது. மூடிய அரட்டைக் குழுக்கள். எத்தனை அருமையான பதில்கள் அங்கே தினமும் எழுதப்பட்டு மேலே ஓடி மறைகின்றன! ஒருவர் அரை மணி நேரம் செலவழித்துப் பொறுமையாகச் சொன்ன பதில், அடுத்த வாரம் அதே குழுவில் இருப்பவருக்கே கிடைப்பதில்லை. குழுவில் பேசுவது வேகம், நெருக்கம், அதை விட வேண்டியதில்லை. நல்ல பதில் ஒன்று வந்தால், கேட்டவரின் பெயர், எண், படம் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, கேள்வியையும் பதிலையும் மட்டும் திறந்த பக்கம் ஒன்றில் எழுதி வையுங்கள். பத்து நிமிட வேலை.

தளத்தைப் புதுப்பிக்கும்போது பக்கங்களின் முகவரிகளை மாற்றிவிடுவது இன்னொரு கொடுமை. எங்கெங்கோ யார் யாரோ கொடுத்து வைத்த இணைப்புகள் எல்லாம் ஒரே நாளில் 'பக்கம் கிடைக்கவில்லை' என்ற 404 பிழை ஆகிவிடும். நல்ல முகவரி மாறாது என்று, இணையதளங்களுக்கு அடிப்படையான வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998-இலேயே வலியுறுத்தி எழுதினார். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், பழைய முகவரிக்கு வருபவரைப் புதிய இடத்துக்கு அனுப்பும் 301 என்ற நிரந்தரத் திருப்பத்தைப் போட்டுவிடுங்கள்.

எங்கே தவறுகிறோம் என்று எப்படித் தெரியும்?

உங்கள் தளத்தின் தேடல் பெட்டியில் என்ன அடிக்கிறார்கள் என்பதைப் பதிவு செய்யும் வசதி பெரும்பாலும் இருக்கும். அதில் 'விடை எதுவும் இல்லை' என்று முடிந்த தேடல்களை மட்டும் வாரம் ஒருமுறை எடுத்துப் படியுங்கள். முதல் முறை படிக்கும்போது மனசு கனக்கும். உங்களிடம் பதில் இருக்கும், அவர் அடித்த சொல் மட்டும் உங்கள் பக்கத்தில் இருக்காது. ஒரே ஆள் மூன்று நான்கு விதமாக மாற்றி மாற்றி அடித்துப் பார்த்துவிட்டு நிறுத்தியதும் தெரியும். அந்தச் சொற்களை உரிய பக்கங்களில் சேர்ப்பதற்கு எந்தத் தொழில்நுட்ப அறிவும் தேவையில்லை.

இன்னொரு வழி, உங்கள் சேவையைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவர் பக்கத்தில் உட்காருவது. 'இந்தப் பக்கம் எங்கே இருக்கிறது, கண்டுபிடியுங்கள்' என்று சொல்லாதீர்கள். சொன்னால் பெயரை நீங்களே எடுத்துக் கொடுத்ததாகிவிடும். நேர்ந்ததை மட்டும் சொல்லுங்கள்: 'உங்கள் போன் தானாகப் பேசுகிறது, தொட்டால் திறக்கவில்லை. இப்போது என்ன செய்வீர்கள்?' அப்புறம் பேசாமல் இருங்கள். அவர் தவறான இடத்தைத் தொடும்போது வாயைத் திறக்காமல் இருப்பது உண்மையிலேயே கஷ்டம். அவர் முதலில் எங்கே தொட்டார், என்ன சொல்லை அடித்தார், எந்த இடத்தில் சலித்துப்போனார் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அவர் அடித்த அந்தச் சொல்லை அன்றைக்கே தலைப்பில் சேர்த்துவிட்டு, அடுத்த வாரம் வேறொருவரை அதே நாற்காலியில் உட்கார வையுங்கள்.